பத்திரகாளியும் இரும்பு வேனும்

எம். புதுப்பட்டி பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பத்திரகாளிக்கு வேலை, சந்தேகப்படுவது. இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளத்தோடு சந்தேகப்பட்டார். காலையில் வாசலில் நின்று, உள்ளே போகும் பெண்களின் கொண்டையைத் தடவிப் பார்ப்பார். ஊக்கு, கொண்டை ஊசி, சாவி, எந்த இரும்பும் உள்ளே போகக்கூடாது. உரசினால் பொறி, பொறி பறந்தால் கம்பெனியே இல்லை. சீதனமாக வந்த பீரோவைக்கூட வீட்டில் அடுப்பிலிருந்து எட்டடி தள்ளித்தான் வைத்திருந்தார்.

2007 புரட்டாசியில் ஒரு மத்தியானம் வானம் இருண்டது. இடி கேட்டால் வேலையை நிறுத்தி எல்லோரும் அறைகளைவிட்டு வெளியேற வேண்டும். பெண்கள் கம்பெனி வேனுக்கு ஓடினார்கள். பத்திரகாளி மட்டும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"ஏட்டி பொன்மணி, எறங்கு! அம்புட்டும் இரும்பு. இடிய வெத்தலபாக்கு வச்சுக் கூப்பிடுறீகளா?" என்று வேனில் ஏறிவிட்ட மகளை அதட்டினார்.

டிரைவர் பெத்தணன் சிரித்தான். "டயரு ரப்பரு, அக்கா. கரண்டு ஏறாது."

"வானத்துலருந்து இங்கன வரைக்கும் காத்தக் கிளிச்சுக்கிட்டு வார இடிக்கு, ஒன் ஒரு சாண் ரப்பரு எம்மாத்திரம்லே?"

நியாயமான கேள்வி. பெத்தணன் பதிலுக்கு ஹாரன் அடித்தான்.

"நீ வாம்மா, நனையுற" என்றாள் பொன்மணி.

மகளை இழுத்து இறக்கத்தான் பத்திரகாளி வேனுக்குள் ஏறினார். யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்த நொடியில் வேனின் கூரைமேல் இடி விழுந்தது.

கண் கூசியது, காது அடைத்தது. பதினான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். பத்திரகாளி நம்பாமல் இரண்டு தடவை எண்ணினார். கடைசியில் பொன்மணியைக் கிள்ளியும் பார்த்தார், அவள் கத்தினாள். மழை விட்டதும் இறங்கிப் பார்த்தால் பின்டயர் வெடித்துக் கிடந்தது.

"ஒன் ரப்பரு லட்சணத்தப் பாருலே!"

மறுநாள் வந்த எலெக்ட்ரீசியன் சங்கையா டயரைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரப்பரு இல்லத்தா, இந்த இரும்புக் கூடுதான் காப்பாத்துச்சு. கரண்டு வெளித்தகரத்து மேலயே ஓடி மண்ணுக்குள்ள எறங்கிருச்சு. உள்ள இருக்கவுகளத் தொடல."

இரும்பைப் பற்றி நல்ல வார்த்தை பேசிய அந்த மனிதரைப் பத்திரகாளி தலைமுதல் கால்வரை பார்த்தார். சட்டைப்பையில் என்ன என்று கேட்டார்.

ஆனால் அடுத்த முறை மேகம் கூடியபோது நின்றிருந்த வேனில் முதல் ஆளாக ஏறியது அவர்தான். கண்ணாடிகளை ஏற்றச்சொல்லி, எல்லோர் கையையும் இரும்பில் படாமல் மடியில் வைக்கவைத்தார்.

"இப்ப நம்புறீகளாக்கா?" என்றான் பெத்தணன்.

"ஒன்னயா? ஸ்டியரிங்குலருந்து கைய எடுலே மொதல்ல!"