இரண்டாம் பஸூனுக்கு எழுந்த கைகள்

எங்கள் ஊர் சிம்ஃபனி இசைக்குழுவைத் தொடங்கியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். சுரங்கத்துக்குள் தங்களோடு யார் இறங்குவது என்பதைப் போலவே, தங்களோடு யார் வாசிப்பது என்பதையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள். பிறகு நகராட்சிச் சம்பளம் வந்தது, கறுப்புக் கோட்டு வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாக வருகிறவர் ஒரு வருடம் வாசிக்க வேண்டும். முடிவில் நாங்கள் கூடிக் கை தூக்குவோம். போதுமான கைகள் எழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அல்முட் டெர்ஹோர்ஸ்ட் பால்பண்ணைக்காரர் மகள், மாட்டுக்கொட்டகையில் சாதகம் பண்ணியவள். பஸூன் என்கிற நெட்டை மரக்குழலை ஊத வந்தாள். ஏற்கெனவே இரண்டு ஊர்களில் கை எழாமல் திரும்பியவள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் முதல் பஸூன் கிஸ்பெர்ட். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்து, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

ஓட்டுக்கு முந்தைய வாரக் கச்சேரியில், அரங்கமே மூச்சடக்கிக் காத்திருந்த இடத்தில், தாளத்தை எண்ணிக் காத்திருக்க வேண்டிய இரண்டு பஸூன்களும் முன்கூட்டியே புகுந்துவிட்டன. ஐயோ, மானம் போயிற்று!

இடைவேளையில் இசை நடத்துநர் பாய்ந்து வந்தார். "யாரு முதல்ல புகுந்தது?"

"நான்தாங்க," என்றாள் அல்முட்.

கிஸ்பெர்ட் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்குக் கை தூக்குவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

ஓட்டு நாளில் அல்முட்டைக் கீழே கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு மேலே கூடினோம். கிஸ்பெர்ட் எழுந்தார்.

"அன்னைக்குத் தப்பா எண்ணுனது நான். அவ சரியாத்தான் எண்ணியிருந்தா. தனியா விட்டா கிழவன் மாட்டிக்குவான்னு கூடவே புகுந்துட்டா. பழியையும் வாங்கிக்கிட்டா. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். வெக்கமா இருக்கு."

"அப்ப ஓட்டெடுப்பை உங்க மேல வெச்சுக்குவோமா?" என்றாள் முரசு வாசிக்கும் ஊர்சல்.

சிரிப்பு வெடித்தது. கைகள் எழுந்தன. கண் கலங்கிப்போய் நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். எங்களுக்கு மனம் நிறைந்தால் கைதட்டுவதில்லை, தரையைக் காலால் மிதிப்போம். அன்று மிதித்த மிதி கொஞ்சமில்லை.

கீழே அல்முட் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாளாம். கேண்டீன்காரி யோலாண்டா கூரையை அண்ணாந்து பார்த்தாளாம்.

"உன்னைச் சேத்துக்கிட்டாங்கடி! பாரு, சூப்புல சுண்ணாம்பு உதிருது. இரு, வேற ஊத்தித் தரேன்."

"வேணாம்க்கா, இதுவே இருக்கட்டும்," என்று அழுதுகொண்டே அல்முட் அந்தச் சூப்பை மிச்சமில்லாமல் குடித்தாளாம்.