சைக்கிள் உடுப்புக்கு ஓர் அறை

எங்கள் வீட்டில் சைக்கிள் சாமான்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கப் பதினோரு வருடம் ஆயிற்று. அதில் முதல் ஒன்பது வருடம் அவை வீடு முழுக்கப் பரவிக் கிடந்தன. ஹெல்மெட் குளிர்பெட்டியின் மேல். கையுறைகள் சாவி போடும் கிண்ணத்தில். காற்றடிக்கும் பம்ப் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்று, கதவைத் திறப்பவர் காலில் விழும். சங்கிலிக்குப் போடும் எண்ணெயை ஒருமுறை மறதியாகச் சமையலறைத் தட்டில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அன்றைக்கு என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்களுடையது சின்ன வரிசை வீடு. பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் மலை கண்ணுக்கு நேராக நிற்கும். மலையடி ஈரமோ, மத்தியான மழையோ, எதை மூடி வைத்தாலும் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வியர்த்த ஜெர்சி சமையலறைப் பின்வாசலைத் தாண்டக் கூடாது.

“அங்கயே கழட்டுங்க, அங்கயே அலசுங்க. உள்ள மட்டும் கொண்டாராதீங்க.”

நான் மறுபேச்சு பேசியதில்லை. அந்தச் சட்டம் எனக்குப் புதிதில்லை. லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டிப் பால் சேகரித்தார். அவருடைய வேலைச் சட்டை வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பின்சுவரில் ஓர் ஆணி; சட்டை அதில்தான் தொங்கும். ஒட்டுப்பால் காய்ந்து காய்ந்து துணி அட்டைபோல விறைத்திருக்கும். அந்த நாற்றத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கச் செம்பனை நட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே கொடுத்த நீலச் சட்டையில் ஒரு வாசமும் கிடையாது. ஆனாலும் முதல் வாரம் முழுக்க அதையும் வெளியேதான் மாட்டினார். அப்பா எடுத்துச் சொன்ன பிறகு தனக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

நான் சைக்கிளில் ஏறியது நாற்பத்திரண்டாவது வயதில். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. என் மனைவியின் தம்பி, என்னைவிட ஒன்பது வயது இளையவன், தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

“மாத்திரைய மட்டும் நம்பாதீங்க மச்சான். ஞாயித்துக்கிழம காலைல வாரேன், ரெடியா இருங்க.”

சைக்கிளோடு ஒரு பையும் கொடுத்தான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கறுப்புக் கால்சட்டை. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். வெளியே போக வெட்கமாக இருந்தது. அதன்மேல் கைலியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுச் சீன அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கைலியை அவிழ்த்து மடித்து மச்சான் கையில் கொடுத்ததைப் பார்த்தவர், தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அப்படித் தொடங்கியது, ஞாயிறு தவறாமல் ஒன்பது வருடம் ஓடியது. லகாட் வழியாகப் போவோம். ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகளில் காலை வெளிச்சம் விழுந்து கிடக்கும். பிறகு செம்பனைக்குள் நுழையும் சின்னச் சாலை. அதுதான் எங்கள் பழைய தோட்டம். கோயில் ஒன்றைத் தவிர அங்கே எதுவும் மிச்சமில்லை. நான் ஓர் இடத்தில் காலை ஊன்றி நிற்பேன்.

“இங்கதான் மச்சான் எங்க லயம் இருந்துச்சு.”

“அப்படியா?” என்பான் அவன், ஒவ்வொரு முறையும், முதல் தடவை கேட்பதுபோல. பிறகு லகாட்டுக்குத் திரும்பி ஒரு கடையில் ரொட்டி சானாயும் தேநீரும். உடம்பில் ஏறும் சர்க்கரையெல்லாம் அந்தக் கடையில்தான் ஏறுகிறது என்று என் மனைவி சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, அதே தோட்டச் சாலையில் விழுந்தேன். லாரி சிந்திப்போன சேறு. வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன. மச்சான் அந்த வழியாக வந்த வண்டியை மறித்து என்னை ஏற்றினான். ஆஸ்பத்திரியில் கையைத் தூக்க முடியாததால், நான் போட்டிருந்த மஞ்சள் ஜெர்சியைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஜெர்சி அது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கத்தரிச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

என் மனைவி அழவில்லை, திட்டவில்லை. வலது கையைக் கட்டிப் போட்டிருந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு ஊட்டினாள். கட்டு அவிழ்த்து ஒரு மாதம் கழித்து நான் பம்பைக் கையில் எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டீங்கன்னா நல்லது.”

அவ்வளவுதான். மூன்று அட்டைப்பெட்டிகளில் எல்லாவற்றையும் போட்டு ஒட்டினேன். சைக்கிளைப் போர்வையால் மூடினேன். அந்த வருடக் கடைசியில் மச்சானுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நாளிதழைக் கடைசி விளம்பரம்வரை படிக்கத் தொடங்கினேன்.

இந்த வருடம் மகள் கல்யாணமாகிப் போனாள். பின்னறை காலியானது. ஒரு சனிக்கிழமை காலை, தலைமுடியை முடிந்துகொண்டு என் மனைவி அந்த அறை வாசலில் வந்து நின்றாள்.

“உங்க சைக்கிள் பாராங், சாமான் எல்லாம் கொண்டாங்க. கறையான் வந்துரும்.”

பெட்டிகளைத் திறந்தபோது நல்ல வாசம் வரவில்லை. கையுறைகள் விறைத்திருந்தன. பெடலில் கொளுவும் சப்பாத்து ஒன்றின் அடிப்பாகம் கையோடு வந்தது. ஜெர்சிகளில் சாம்பல் புள்ளிகள். அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொஞ்சம் வினிகர்க் காடி ஊற்றி அத்தனையையும் ஊறவைத்தாள். நிழலில் காயப்போட்டாள். மகளின் பழைய அலமாரியின் கதவுகளைக் கழற்றச் சொன்னாள். காற்றுப் போக வேண்டுமாம். ஹெல்மெட்டுக்கு ஒரு கொக்கி, டியூப்புக்கும் விளக்குகளுக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகள், மழைச்சட்டைக்குத் தனியாக ஒரு கம்பி. இத்தனை வருடம் அந்தச் சாமான்களைத் திட்டியவளுக்கு ஒவ்வொன்றும் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

“இது என்னா, கைக்கு மட்டும் சட்டை?”

“வெயிலுக்கு.”

“முழுக்கைச் சட்டை போட்டா ஆவாதா?”

காய்ந்த ஜெர்சிகளை மடிக்காமல் சுருட்டி அடுக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“ஒன்னு குறையுது.”

“மஞ்சளா? அது ஆஸ்பத்திரியோட போச்சு.”

அவள் எழுந்து எங்கள் அறைக்குப் போனாள். சேலை அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்த மஞ்சள் ஜெர்சி. துவைத்து, தேய்த்து, வெட்டிய இடத்தை மஞ்சள் நூலால் கையாலேயே தைத்திருந்தாள். தையல் நெருக்கமாக, நேராக இருந்தது.

“நர்ஸ் பையில போட்டுக் குடுத்தாங்க,” என்றாள். “உங்கள எக்ஸ்ரே எடுக்க உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் அந்தப் பைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களது வேற எதுவும் என் கையில இல்ல. வீட்டுக்கு வந்து வீசிரலாம்னு குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன். முடியல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா திரும்பவும் ஓட்டப் போவீங்க.”

“இப்ப மட்டும் ஏன் காட்டுற?”

“சேலைக்கு எடம் பத்தல லா,” என்றாள். ஜெர்சியைச் சுருட்டி மற்றவற்றோடு வைத்தாள். நான் தையலைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், கை வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், கூடையிலிருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டே சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமைல நீங்க பேப்பர வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல.”

தீபாவளிக்கு மச்சான் வந்தான். பின்னறையைப் பார்த்துவிட்டு, “கடை மாதிரி இருக்கு அக்கா,” என்றான். விடுமுறை முடிவதற்குள் ஒரு ஞாயிறு இருந்தது. லகாட் வரைக்கும் மட்டும், தோட்டச் சாலை வேண்டாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

வீதி முனையைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். எங்கள் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான்கு பக்க விளக்கும் மின்ன, மாட்டுவண்டி வேகத்தில். அதற்குப் பின்னால் ஏழெட்டு கார்கள், ஹாரன் அடித்தபடி.

மச்சான் பின்னுக்குப் போய்க் காரின் ஜன்னலோரமாக ஓட்டினான். “அக்கா, வீட்டுக்குப் போ லா! மானம் போவுது!”

“நீ முன்னால பாத்து ஓட்டு,” என்றாள் அவள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

லகாட் கடையில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எங்களைக் கேட்காமலே சர்க்கரை இல்லாத தேநீர் இரண்டு சொன்னாள். தனக்கு ரொட்டி சானாய் சொல்லி, ஒன்றைத் தின்று முடித்து, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றாள்.

மச்சான் ஜொகூருக்குத் திரும்பிவிட்டான். இப்போது நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். கார் இரண்டு வாரம் பின்னால் வந்தது. மூன்றாவது வாரம் சாலை முனையில் திரும்பிப் பார்த்தேன், காணவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது. மெதுவாக மிதித்து லகாட்டுக்குப் போனேன்.