பதினெட்டரை அடி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் முழங்காலில் நின்று, "கோவப்பட்டேன் ஃபாதர், பொய் சொன்னேன், செபமாலை சொல்லத் தவறுனேன்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். நடுவில் இருக்கும் பொய்யை யாரும் தனியாக எடுத்துப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அந்த வேகம். எட்டு வருஷமாக ஒரு சாமியாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக இட்லி சாப்பிடுவேன்.

அந்தப் பொய் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் கரண்டு ஆபீஸில் நான் லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழாவின் கடைசி நாள் சப்பரம் ஏழு தெரு சுற்றும். எட்டாவது தெரு காலனி. அங்கிருப்பவர்களும் வேதக்காரர்கள்தான். அதே ஞானஸ்நானம், அதே நற்கருணை. ஆனால் சப்பரம் அந்தத் தெரு முனை வரை போய், ஒரு நிமிஷம் நின்று, திரும்பிவிடும். காரணம் சாதி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'வழக்கம்' என்போம்.

எட்டு வருஷத்துக்கு முன் காலனிக்காரர்கள் கோயில் கமிட்டிக்கு வந்து, எங்கள் தெருவுக்கும் மாதா வரட்டும் என்று கேட்டார்கள். அப்போதிருந்த சாமியார் பயந்த சுபாவம். "தடங்கல் ஏதும் இல்லன்னா போகட்டுமே" என்றார். தடங்கல் வேண்டுமே! கமிட்டிப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தத் தெருவுல கம்பி தாழ்வா இருக்குமே, கொஞ்சம் அளந்து சொல்லுங்க தம்பி" என்றார். தாழ்வாக இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. அவருடைய அண்ணன் மகனுக்குத்தான் அப்போது என் மகளைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அளக்கப் போனபோது என் ஹெல்பரையும் கூட்டிப்போனேன். அவர் வீடு அதே தெருவில்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் எனக்கு அவர் 'நீ, வா, போ'. அவருக்கு நான் 'வாங்க சார்'. தெருவின் நட்டநடுவில், கம்பி நன்றாகத் தொய்ந்திருந்த இடத்தில், அளவுக் கம்பை அவரே நிமிர்த்திப் பிடித்தார். அவரே பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பதினெட்டரை சார்! சப்பரம் பதினஞ்சுதான். தாராளமா வரும்!" அவர் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டியில் நான் பதிமூன்றரை அடி என்றேன். எழுதிக் கொடு என்றுகூட யாரும் கேட்கவில்லை. கரண்டு ஆபீஸ்காரன் சொன்னால் போதாதா? அடுத்த ஞாயிறு பூசையில், மின்கம்பி தாழ்வாக இருப்பதால் பாதுகாப்பு கருதி இந்த ஆண்டும் பழைய வழியே என்று சாமியார் வாசித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. என் ஹெல்பர் எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பி, எப்போதும்போலத் தலை குனிந்தார். ஒரு முறை முறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதிலிருந்து எட்டுத் திருவிழா. சப்பரம் வரும்போது தெருத்தெருவாகக் கரண்டை நிறுத்துவதும், குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர்களைக் கவைக்கம்பால் தூக்கிவிடுவதும் எங்கள் வேலை. கம்பின் கவை மாதாவின் கிரீட உயரத்துக்கு நிற்க வேண்டும். அதில் எது பட்டாலும் மேலே தூக்க வேண்டும். அந்தக் கம்பைப் பிடித்துச் சப்பரத்துக்கு முன்னால் நடந்தவர் என் ஹெல்பர். எங்கள் தெருவெல்லாம் மாதாவுக்கு வழி செய்துவிட்டு, எட்டு வருஷமும் தன் தெரு முனையில் மாதாவோடு திரும்பினார். நான் பின்னாலேயே நடந்தேன். இதற்குள் என் மகளுக்கு அந்த வீட்டிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது.

இந்தத் தபசுக்குப் புதுச் சாமியார் வந்தார். பகையாய் நின்ற இரண்டு சனத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஒன்றாக்கினார், நடுவில் நின்ற சுவரை இடித்தார் என்று பிரசங்கம் செய்தார். "கடவுளோட ஒப்புரவாகுறது ஒரு வேலை, மனுசனோட ஒப்புரவாகுறது வேற வேலைன்னு நெனச்சிடாதீங்க. ரெண்டும் ஒரே வேலைதான்." நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அவரிடம் என் மூன்றையும் ஒப்பித்து முடித்ததும் கேட்டார்:

"என்ன பொய்?"

தூக்கிவாரிப் போட்டது. தட்டுத்தடுமாறி உள்ளதைச் சொன்னேன்.

"எட்டு வருசமா ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க. அந்தத் தெருவுக்கு எத்தன தடவ போனீங்க?"

"ஃபியூஸ் போச்சுன்னா போவேன் ஃபாதர்." என் வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரிக்கவில்லை. பாவமன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அபராதமாக 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லவில்லை. "அந்த மனுசன்கிட்ட போயி சொல்லுங்க. அதான் ஒங்க அபராதம்" என்றார்.

நேற்று வந்தவருக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் வீட்டுவாசல் வரைகூடத் தாங்கவில்லை. ஃபேஸ் ஒயர் மட்டும் வந்தால் விளக்கு எரியாது, நியூட்ரல் ஒயரும் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். மன்னிப்புக்கும் அப்படித்தான் என்பது மட்டும் எனக்கு எட்டு வருஷமாக உறைக்கவில்லை.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் காலை இருவரும் காரைக்கால்மேட்டுக்கு வேலையாகப் போனோம். அங்கே கடற்காற்றுக்குக் கம்பியைத் தாங்கும் கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படிந்துவிடும், துடைக்க வேண்டும். துடைத்து முடித்து, மீன் ஏலக் கூச்சலுக்கு ஒதுங்கி டீ குடிக்கும்போது சொன்னேன்.

"அன்னிக்கி அளந்தோமே, பதினெட்டரைன்னு. கமிட்டியில நான் பதிமூணரைன்னு பொய் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிருங்க." அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெரியும் சார். நம்பர சொன்னதே நாந்தான?" டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டுட்டு ஒங்ககிட்டயே வேல பாக்க முடியுமா சார்?" என்றவர், ஒரு வாய் குடித்துவிட்டு மேலே சொன்னார்: "எங்கம்மா கேட்டுச்சு. ஏம்ப்பா, நீ பதினெட்டரைன்னு கத்துனியே, கோயில்ல தாழ்வுங்கறாங்களேன்னு. நான் பாத்தது தப்பும்மா, கம்பி தாழ்வுதான்னு சொல்லிட்டேன். ஒங்களுக்காக இல்ல. கம்பியாலதான் மாதா வரலன்னு நெனச்சிக்கிட்டு இருக்கட்டுமேன்னு. போன வருசம் சாவுற வரைக்கும் அப்புடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்துச்சு."

என் பொய்யை, பெற்ற தாயிடம், அவர் வாயால் சொல்ல வைத்திருக்கிறேன். அத்தனை மீன்காரர்கள் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான. பொய்ய எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை வைத்தார்.

கமிட்டியில் போய்ச் சொன்னேன். முதலில் வாய் திறந்தது அன்று என்னை அளக்கச் சொன்ன அந்தப் பெரியவர்தான். "மகளக் கட்டிக் குடுத்தாச்சு, ரிட்டயராகப் போறீங்க. இப்ப வந்து ஞானம் பொறந்துருச்சாக்கும்?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது நிஜம். "அப்ப தடங்கல் ஒண்ணும் இல்ல" என்று புதுச் சாமியார் நோட்டை மூடினார். இரண்டு பேர் விருட்டென்று எழுந்து போனார்கள். என் மகள் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

திருவிழாவன்று சாயங்காலம் ஏழு தெருவும் சுற்றிவிட்டுச் சப்பரம் காலனி முனைக்கு வந்தது. கரண்டை நிறுத்தினோம். என் ஹெல்பர் கவைக்கம்பை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தெருவுக்கு நீங்க புடிங்க சார். நான் எங்க வாசல்ல நிக்கணும்."

வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். வாசலெல்லாம் தண்ணீர் தெளித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சனங்கள் மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அண்ணாந்து கம்பியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. கம்பி தொய்ந்திருந்த அந்த இடத்தில் ஒரு பெண், "இம்புட்டு ஒசரத்துலயா இருந்துச்சு?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டது என் காதில் விழுந்தது. என் ஹெல்பர் தன் வாசலில் மாதாவைப் பார்த்துக் கை கூப்பி நின்றார். அவர் அம்மா அன்று நின்ற படியில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது.

அந்தத் தெருவில் தூக்கிவிட ஓர் ஒயர்கூட இல்லை. ஆனாலும் கம்பை இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. தெருக்கோடி வரை அதை உயர்த்திப் பிடித்தபடியே நடந்தேன். அது எதிலும் படவில்லை.