பழைய ஆம்ப், புதிய ஆம்ப், ஒரு மோதிர விரல்

பெங்களூரிலிருந்து மதுரைக்கு அந்தப் புது ஆம்ப்பைப் பகல் பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஆம்ப் என்றால் கிடாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி. இது வால்வு ஆம்ப். அந்தக் கால ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே கண்ணாடிக் குழல், அதுதான் வால்வு. பெட்டியை ஜமுக்காளத்தில் சுற்றி டிக்கியில் ஏற்றினேன். வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு பழைய சாக்ஸில் சுருட்டி, எவர்சில்வர் தூக்குவாளியில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா சேலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொறந்து சாப்பிடுங்க தம்பி, ஆறிப்போயிரும்" என்றார். சரிங்கம்மா என்று சொல்லி மூடியை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு மானாவாரி நிலம். மழை தப்பிய ஒரு வருஷம் ஊரை விட்டுக் கிளம்பினேன், பிறகு எந்த ஊரிலும் காலூன்றவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் மீன் லாரி, பெங்களூரில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவரிடம் சுமை தூக்கும் வேலை. மேடைக்கு அடியில் படுத்திருக்கிறேன். மழை வந்தால் ஸ்பீக்கருக்குத் தார்ப்பாய் உண்டு, எங்களுக்குக் கிடையாது. அதில் குறைபட ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் நனைந்தால் கெட்டுப்போகும், நாங்கள் காய்ந்துவிடுவோம்.

அந்த ஆம்ப் என் நண்பனுக்காக வந்தது. மதுரை செல்லூரில் பிறந்த சௌராஷ்டிரா வீட்டுப் பையன். அவன் சித்தப்பாவுக்கு அங்கே ஒரு சந்தில் விசைத்தறிக் கொட்டகை. அவனும் பத்து வயதிலிருந்து அங்கேதான் தறி ஓட்டினான். கொட்டகைக்குப் பின்னால் நூல் மூட்டை போடும் அறையில் அவனுடைய கிடாரும் ஒரு பழைய ஆம்ப்பும் இருந்தன. கொடைக்கானலில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. அதில் சத்தத்துக்கு முறுக்கேற்றும் கெயின் குமிழை முழுக்கத் திருப்பி ஒரு கம்பியைத் தொட்டால், எங்கள் பக்கத்து வெட்டவெளியில் மழைக்கு முன்னால் இடி உருண்டு வருவதுபோல இருக்கும். இடிக்கும், ஆனால் காதைக் குத்தாது. தூரத்திலிருந்து வந்து மேலே படர்ந்து, மெதுவாகக் கலையும். எந்த ஊர் மேடைக்கு அடியில் படுத்திருந்தாலும் தூக்கம் வருவதற்கு முன் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

தறி ஓடும்போதுதான் அவன் வாசிப்பான். வேறு வழியில்லை. செல்லூர்ச் சந்தில் சுவருக்குச் சுவர் வீடு. தறி நின்ற நேரத்தில் அவ்வளவு சத்தத்தில் கிடாரைத் தட்டினால் தெருவே திரண்டு வந்துவிடும். தறிகள் ஓடும்போது யாருக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க, தறியை அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டு, அந்த டக்கடக்க இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு வாசித்தான்.

ஒரு நாள் தறியின் பெல்ட் அவன் இடது கை மோதிர விரலைப் பிடித்துவிட்டது. விரல் பிழைத்தது, மேல் கணு மட்டும் முழுக்க மடங்கவில்லை. விரலில் போட்ட கட்டைப் பிரிக்கும் முன்பே கல்யாணம், காளவாசல் பக்கம் புது ஃபிளாட், ஒரு கடையில் வேலை. ஆம்ப்பும் கூடப் போனது. அங்கே போய் வாசித்தபோது அந்த இடி இல்லை. தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலக் கரகரவென்று, வெளிச்சமாக, விறைப்பாக ஒரு சத்தம்.

"ஆம்ப் கிழடாயிருச்சா, என் விரல் போச்சான்னு தெரியணும் மாப்ள" என்று போனில் சொன்னான். "அதே கம்பெனி அதே மாடலத் திரும்பப் போட்டிருக்கான்ல. உங்க ஆளுகிட்ட இருந்தா ஒரு வாரம் கேட்டுக் கொண்டா. புதுசுல நல்லாக் கேட்டா பழசக் கழிச்சிருவோம். புதுசுலயும் இப்படித்தான்னா விரல்தான். கிடார வித்துட்டு நிம்மதியா இருப்பேன்."

நிம்மதி என்ற சொல்லை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

ஃபிளாட்டில் அவன் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள். "அண்ணே, இவரு கிடாருக்கு ஒயரே மாட்டுறதில்ல. மடியில வச்சுக்கிட்டு விரலையே பாத்துக்கிட்டு இருக்காரு. என்ன கேட்டாலும் உம் உம்முங்கிறாரு."

"முன்னாடி மட்டும் பேசிக் கிழிச்சானாக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன பிறகு இரண்டையும் வைத்தோம். ஒரே ஸ்பீக்கர் பெட்டி, ஒரே கிடார், குமிழ்கள் ஒரே இடத்தில். பழையதைப் போட்டால் உயிர் வரச் சற்று நேரமாகும், பிறகு ஓயாமல் ஒரு முனகல். புதியது சாத்திய அறைபோல அமைதியாக இருந்தது. புதியதில் கூடுதலாக இரண்டு ஸ்விட்ச், பின்னால் ஒயர் மாட்ட நிறைய ஓட்டைகள். வாசித்தான். பழையது கரகரத்தது. ஒயரை மாற்றி வாசித்தான். புதியதும் கரகரத்தது, கொஞ்சம் சுத்தமாக.

குமிழ்களை அப்படியும் இப்படியும் திருப்பினோம். வெளியே காளவாசல் முக்கில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் கிடாரைச் சுவரில் சாய்த்தான். இடது கையை மடக்கினான். மோதிர விரல் மட்டும் எழுந்து நின்றது.

"தெரிஞ்சு போச்சுல்ல" என்றான். "ரெண்டு பெட்டியும் ஒண்ணா பொய் சொல்லாது."

நான் ஒயரைக் கழற்றிச் சுருட்டினேன். பழைய ஆம்ப்பை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சித்தப்பா கொட்டகையில் போட்டுவிடலாம் என்றான். அங்கிருந்து நான் அப்படியே பெங்களூர் பஸ் ஏறிவிடலாம் என்று புதியதையும் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை ஒரு குட்டியானை லோடு வண்டியில் எல்லாம் ஏறின. கிடார் மட்டும் ஏன் வருகிறது என்று நான் கேட்கவில்லை.

சந்துக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் உடம்பில் ஏறியது. சித்தப்பா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அவர்கள் பாஷையில் அவனிடம் ஏதோ கேட்டார், அவன் விரலைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் என் பக்கம் திரும்பி, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"என்னப்பா சொல்றான் இவன், கிடார விக்கிறானாம்? இவன் வாசிக்கணும்னு அம்புட்டு வருசம் தறியப் போட்டுட்டு ஓடினதுக்கு சரக்குக்காரன்கிட்ட நான் ஏச்சு வாங்கிருக்கேன். விக்கிறவன் எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டு விக்கட்டும்."

நூல் மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணினோம். அதே பழைய பிளக், அதே மஞ்சள் குண்டு பல்பு. பழைய ஆம்ப் கண்ணைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டது. அவன் வேண்டா வெறுப்பாக ஒரு கம்பியைத் தட்டினான்.

இடி உருண்டது.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆம்ப்பைப் பார்த்தேன். மறுபடி தட்டினான். மேற்கே எங்கள் நிலத்துக்கு அப்பால் வானம் கறுத்து வந்தது. செம்மண் புழுதி எழுந்து, ஆடுகள் பட்டிக்குத் திரும்பி, முதல் துளி விழுவதற்கு முந்தைய அந்த இருட்டு அறைக்குள் வந்து நின்றது. மோதிர விரல் மடங்காமலேதான் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. நான் நூல் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"ஒயர மாத்து" என்றான். புதியதில் மாட்டினேன். அதிலும் உருண்டது.

அப்போது டீக்காரர் சந்துக்குள் சைக்கிளில் வந்தார். அவர் மணி அடித்தால் ஒவ்வொரு கொட்டகையாகத் தறி நிற்கும். முக்கில் ஒன்று நின்றது, எதிரே ஒன்று, அடுத்து ஒன்று. ஒவ்வொன்று நிற்கும்போதும் தலைக்குமேல் பல்பு ஒரு படி வெளுத்தது. அவன் வாசித்துக்கொண்டேதான் இருந்தான். இடி விறைத்துக்கொண்டே வந்தது, வெளிச்சமானது, ஓரங்கள் கூர்மையாயின. சித்தப்பாவின் தறியும் நின்றபோது பல்பு வெள்ளையாக எரிந்தது, தகரம் தரையில் இழுபட்டது.

அந்த அமைதியில் பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. "யாருடா அவன், ரெண்டு நிமிசம் காது சும்மா இருக்கலாம்னு பாத்தா?"

அவன் கையை எடுத்தான். இருவரும் பல்பைப் பார்த்தோம். இந்தச் சந்தில் தறி ஓடினால் பல்பு மங்கும், நின்றால் பிரகாசமாகும். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். கரண்டு இறங்கினால் வால்வு தளர்ந்து கனிந்து பேசும் என்று பெங்களூரில் யாரோ சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து நாங்கள் நினைத்ததே இல்லை. காளவாசல் ஃபிளாட்டில் கரண்டு முழுசாக, சத்தாக வருகிறது. செல்லூரில் தறிகள் குடித்தது போக மிச்சத்தில்தான் அவன் இத்தனை வருஷம் வாசித்திருக்கிறான்.

"அப்ப விரல் இல்ல" என்றேன்.

அவன் கையை மடக்கி, நிமிர்ந்து நின்ற அந்த விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டான். டீ கொண்டுவந்த சித்தப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை ஆம்ப்மேல் வைக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும்தான் பழசையும் புதுசையும் நாங்கள் உண்மையில் ஒப்பிட்டோம். மதியம் வரை மாற்றி மாற்றிக் கேட்டோம். வித்தியாசம் இருந்தது. பழையதில் அடிச்சத்தம் கொஞ்சம் தளர்ந்து, கம்பியைத் தொட்ட பிறகு ஒரு மூச்சு தாமதித்து வரும். புதியது தொட்டதும் வந்து நிற்கும், தொடாதபோது பேசாது. காட்டில் கத்திப் பேசியே பழகிய ஆளும், முகம் மழித்துக் கல்யாணத்துக்கு வந்து நிற்கும் அதே ஆளும் போல. எது உசத்தி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கேயோ நடுவில் நான் மூட்டைமேலேயே தூங்கிவிட்டேன். தூக்கத்திலும் வானம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது, மழை மட்டும் வரவில்லை. விழித்தபோது அவன் பழையதில்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

புதிய ஆம்ப்பைப் பெங்களூருக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். முதலாளி, "எப்படி, பழசு ஜெயிச்சதா, புதுசு ஜெயிச்சதா?" என்றார். தறியையும் டீக்காரரையும் விளக்க எனக்குச் சோம்பலாக இருந்தது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு சாக்ஸ்களைப் பிரித்து வால்வுகளை மாட்டினேன்.

அந்த மாதம் ஒரு மத்தியானம், மைதானத்தில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. கடைக்கு அன்று விடுமுறையாம். "பேசாத மாப்ள, காதுல வை" என்றான். வைத்தேன். முதலில் தறிகள் கேட்டன. சந்து முழுக்க, எல்லாத் தறிகளும். ஒரு கையால் ஸ்பீக்கரைத் தாங்கிக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் இடிக்காகக் காத்திருந்தேன்.