சந்திரனில் இறைத்த கவலை

சித்தப்பா சேலத்திலிருந்து அப்பாவுக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. தை ஒன்பது என்று போட்டவர் வருடத்தைப் போடவில்லை. முத்திரையும் மை கலங்கிக் கிடக்கிறது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு என்று எழுதியிருப்பதால் யுத்த காலம் என்று கொள்ளலாம். அப்போது எனக்கு எட்டு வயது என்கிறாள் அக்கா. என் கணக்கில் ஏழு.

விஷயம் இதுதான். மனிதன் சந்திரனுக்குப் போவதாகச் சித்தப்பாவும் ஒரு சிநேகிதரும் எடுத்துவந்த படத்தில் ஒரு காட்சி பாக்கி. கையில் ஒரு சுருள் பாக்கி. விண்கலம் சந்திரனின் பள்ளத்திலிருந்து கிளம்பும் அந்தக் காட்சியை நம் தோட்டத்துக் கிணற்றில் எடுக்க வேண்டும். அது சரியாக வராவிட்டால் படத்தை விட்டுவிட்டு, அண்ணா சொல்கிறபடி ஊருக்கே வந்து பண்ணையம் பார்ப்பதாக எழுதியிருந்தார். அப்பா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். உடனே வரச்சொல்லி மறுதபாலில் எழுதினார்.

விண்கலம் என்பது எங்கள் கவலைச் சால், எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் பெரிய வாளி. எருதுகள் சரிவில் இறங்க, தகரச் சால் நிறைந்து மேலே வந்து, அடியிலிருக்கும் தும்பி என்ற தோல் குழாய் வழியாக வாய்க்காலில் நீரைக் கொட்டும். சித்தப்பா அதற்கு வெள்ளிச்சாயம் பூசி, தலையில் மூங்கில் கூடையைக் கூம்பாகக் கவிழ்த்துக் கட்டினார். தும்பியின் வாயில் சாம்பிராணி வைத்தார். கலத்தின் புகை அது. வடம் படத்தில் தெரியாதிருக்க அதற்குக் கரி பூசினார். கிணற்றோரம் சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டி, பானையின் அடியால் அழுத்திப் பள்ளங்கள் செய்தார். பின்னால் இரண்டு பண்ணையாட்கள் கறுப்புக் கம்பளியை விரித்துப் பிடித்தார்கள். அதில் அரிசிமாவுப் பொட்டுகள் வைத்ததும் ஆகாயம் ஆயிற்று.

"ஏனுங் தம்பி, சந்திரனுக்குப் போறவிங்களுக்கு எங்கூட்டுச் சால்தான் கெடச்சுதா? அங்க என்ன வெள்ளாமயா பண்ணப் போறீங்க?" என்றாள் அம்மா.

"அங்க பொட்டுத் தண்ணி கெடையாதுங்க அண்ணி. தவிச்சுப் போய்த்தான் திரும்பி வாராங்க. அதுதான் கதையே."

எருதுகள் அப்பாவின் பேச்சை மட்டுமே கேட்கும் என்பதால் ஓட்டுவது அவர் பொறுப்பு. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சாலை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஏற்றும்படி சித்தப்பா அவரிடம் மூன்று தடவை சொன்னார். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அம்மிணி, சால் அடியில போயி நின்னதும் துண்டை வீசு."

அப்பா எருதுகளைப் பின்னுக்கு நடத்தினார். சால் இறங்கியது. கூடை நனைந்தது, சாம்பிராணி சுர்ரென்று அணைந்தது, குமிழி விட்டுச் சால் நிறைந்தது. பிறந்ததிலிருந்து சால் அப்படி நிறைந்துதான் பார்த்திருக்கிறேன். சந்தோஷமாகத் துண்டை வீசினேன்.

"ஓட்டுங்ணா!" என்று கத்தினார் சித்தப்பா. சிநேகிதர் கேமராவின் கைப்பிடியைச் சுழற்றினார்.

பளபளவென்று கலம் எழுந்தது. சித்தப்பாவின் வாய் தானாகத் திறந்தது. உச்சிக்கு வந்ததும் தும்பி தன் வேலையைச் செய்தது. புகை வரவேண்டிய இடத்திலிருந்து ஒரு சால் தண்ணீர் சந்திரன்மேல் கொட்டியது. பள்ளங்கள் கரைந்து சுண்ணாம்புப் பாலாக ஓடின. ஆகாயத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஆள், "ஐயோ, தண்ணி வீணாப் போகுதுங்களே!" என்று கம்பளியைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு பாய்ந்து, சந்திரனை வெட்டி, நீரை வெங்காயப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். சிநேகிதர் சுழற்றுவதை நிறுத்தவில்லை. சுருள் தீர்ந்துதான் நின்றது.

"இன்னொருக்கா ஏத்தலாமா தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"சுருள் இல்லீங்ணா."

"வெறுஞ்சாலை ஏத்தி இந்தக் கைக்குப் பழக்கமில்லியேப்பா" என்றார் அப்பா.

சொன்னபடி துண்டை வீசிய என்னை யாரும் பாராட்டவில்லை என்ற கோபத்தில் நான் சாப்பிட வரமாட்டேன் என்றேன். பிறகு வந்தேன். அன்று மதியம் அப்பா சித்தப்பாவின் இலையில் தம் கையால் நெய் ஊற்றினார். போதும் என்ற பிறகும் ஊற்றினார். காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா ஊரோடு தங்கிவிட்டார். மல்லசமுத்திரத்தில் பெண் எடுத்தார். பல வருடம் கழித்து, அப்பா காலமான பிறகு, சித்தப்பாவே கவலை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அப்பாவுக்கு அன்று கை தவறியது எப்படி என்று கேட்டேன்.

"எங்கண்ணனுக்கா? கண்ணக் கட்டிவுட்டாலும் சாலை ஒரு வெரக்கடைகூட பெசகாம நிறுத்துவாரு சாமி" என்று சிரித்தவர், எருதுகளைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்.

அது பழக்கமா, வேண்டுமென்று செய்ததா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவர் இருந்தவரை அப்படிக் கேட்க ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.