அரப்பு வாசம் ஆகாத கொட்டகை

மல்லசமுத்திரம் பக்கத்தில் பாவாயி என்று கேட்டால் யோசிப்பார்கள். வாயாடிக் கோழிக்காரி என்றால் உடனே வழி காட்டுவார்கள். எங்கள் விவசாயக் காடு அவர் காட்டுக்கு அடுத்தது. வாயாடி என்றவர்களில் பாதிப் பேர் பிற்பாடு அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கணவர் இறந்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், மரவள்ளி விளைந்த நிலத்தில் கோழிக் கொட்டகை போட்டார். கணவரின் அண்ணன் சென்னிமலைக்கு அது பொறுக்கவில்லை. நிலத்தைத் தன்னிடம் விட்டுவிட்டு மூலையில் கிடக்க வேண்டியவள் முட்டை விற்பதா? "ஒருதரம் நோவு வந்து கோழி செத்துச்சுன்னா கொட்டாயப் பிரிச்சுப்போட்டு நானே மரவள்ளி நட்டுக்குவேன்" என்று ஊர்க்காரர்கள் முன்னால் சொன்னார்.

"பாக்கலாமுங்க மாமா" என்றார் பாவாயி. அந்தத் திமிர் எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

வெள்ளைக்கழிச்சல் என்பது வைரஸ் நோய். வந்தால் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு வரிசையாகச் சாயும். தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர் சண்முகவேல். பாவாயி கொடுத்தார். ஆனாலும் அந்த வறட்சிக் கோடையில் நோய் வந்து கொட்டகையில் முக்கால்வாசியைக் கொண்டுபோயிற்று.

மருத்துவர் வந்து தண்ணீர்த் தட்டுகளை முகர்ந்து பார்த்தார். "இதை எதுலம்மா கழுவுனீங்க?"

"அரப்புலதானுங்க. உசுரோட இருக்கற மருந்துன்னீங்களே, சாமிக்குப் பொங்கல் வெக்கற சட்டியாட்டம் தேச்சேன். தண்ணிப் பஞ்சம், ஒருக்கா அலசிக் கவுத்துட்டேனுங்க."

எண்ணெய் தேய்த்த தலைக்கு எங்கள் பக்கத்தில் அரப்பு இலைத் தூள்தான். அதைவிடச் சுத்தம் வேறு எது?

மருத்துவர் திட்டவில்லை. செத்த கோழிகளைப் புதைத்த குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கினார். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான மெல்லிய தோல் உண்டு. அது சுவர் போல நிற்பதில்லை. குழியும், மடியும், கிள்ளிக்கொண்டு சிறு பையாகும். வேண்டியதை உள்ளே இழுக்கவும் வேண்டாததை வெளியே தள்ளவும் செல்லுக்கு அதுதான் வழி. தோலை வளைக்கவும் கிள்ளவும் ஒட்டவும் தனித்தனிப் புரதங்கள் உண்டு. இந்த வைரஸ், தான் புகுந்த செல்லின் தோலையே கொஞ்சம் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது. அந்தப் போர்வையில் தன்னுடைய புரதம் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறது. அடுத்த செல்லைத் தொட்டதும் அந்தப் புரதம் இரண்டு தோல்களையும் இழுத்து ஒன்றாக்கிவிடும். வைரஸ் உள்ளே போய்விடும். மருந்தில் இருப்பதும் அதே இனம்தான், வீரியம் குறைந்தது. அது உள்ளே போனால்தான் கோழியின் உடம்பு எதிர்க்கப் பழகும்.

"கோடிக்கணக்கான வருசமாத் தேறி வந்த வித்தைம்மா இது. செல்லு மொதல்ல கத்துக்கிச்சா, வைரஸ் மொதல்ல கத்துக்கிச்சான்னு எங்களுக்கே தெரியாது" என்றவர், "எண்ணெத் தலையில அரப்புப் போட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"எண்ணெ போயிருமுங்க" என்ற பாவாயியின் முகம் சட்டென்று மாறியது. சரியாக அலசாமல் ஒட்டியிருந்த அரப்பில் கொழுப்புப் போர்வை கரைந்து மருந்து தட்டிலேயே செத்திருக்கிறது. கோழிகள் குடித்தது வெறும் தண்ணீர். அன்று அவர் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் சென்னிமலை கடப்பாரையோடு வந்தார், பின்னால் ஊரும் வந்தது. "மருந்து போலின்னு சொல்லிப்போடு அம்மிணி. உம்மேல தப்பில்லேன்னு ஆயிரும். மானத்தோட கொட்டாயப் பிரிச்சுக்கலாம்."

நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"மருந்து மேல பழி போட மாட்டேனுங்க மாமா" என்றார் பாவாயி. "நாஞ் சொன்னா அப்பறம் ஒருத்தரும் மருந்து வாங்க மாட்டாங்க, ஊர்க் கோழியெல்லாம் சாகும். அரப்புல கழுவிக் கெடுத்தவ நாந்தான். தப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் கொட்டாயத் தொட உடமாட்டேன்."

"ஊரு முன்னால பேசுன பேச்சு?"

"பிரிப்பேன்னு சொன்னது நீங்க. பாக்கலாமுன்னு சொன்னது நானு. இன்னும் பாத்து முடியலீங்க."

கடப்பாரையை அவர் கையிலிருந்து வாங்கிக் கொட்டகைத் தூணில் சாத்தினார். கூட்டம் கலைந்தது.

புதுக் குஞ்சுகள் வந்தன. தட்டுகளை வெறும் தண்ணீரில் அலசினார், தண்ணீருக்குத் தூரத்துக் கிணறு வரை நடந்தார். அடுத்த கோடையில் நோய் ஊரைச் சுற்றியது. எங்கள் வீட்டுக் கோழிகளும் செத்தன. பாவாயியின் கொட்டகையில் கழுத்துத் திருகிய கோழி ஒன்றுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை சென்னிமலை தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார். வீட்டில் மிஞ்சிய கோழிகளுக்கு மருந்து வேண்டுமாம். அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். வேலியோரம் நின்ற எனக்கே அரப்பு வாசம் அடித்தது.

பாவாயி வாசலை மறித்தார். "மருந்து தாரேன். மொதல்ல தட்டையும் கையையும் தலையையும் வெறுந்தண்ணியில அலசிட்டு வாங்க மாமா. அது வரைக்கும் இந்தக் கொட்டாய்க்குள்ள காலு வெக்கக் கூடாது."

சென்னிமலை என்னைப் பார்த்தார். தூணில் இன்னும் சாத்தியிருந்த தன் கடப்பாரையைப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் தலையைக் குனிந்தார்.