சேலைக்கு மட்டும் வெயில்

தி.நகரில் எங்கள் கடை ஐந்து மாடி. அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கட்டியபோது இருந்தனவாம். பிறகு முகப்பு முழுக்கப் பட்டுடுத்திய பெண் ஒருத்தியின் படத்தை மாட்டி அத்தனையையும் மூடிவிட்டார்கள். அவள் நாள் முழுக்க வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் குழல்விளக்கில் வேலை பார்க்கிறோம்.

நான் சந்திரிகா. மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக பில் போடுகிறேன். எனக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது. வைரவனையும் ரொம்ப நாள் பிடிக்கவில்லை.

வைரவன் எங்கள் மாடியின் மூத்த விற்பனையாளர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாக இதே மாடியில் நிற்கிறார். நிற்கிறார் என்பதைச் சும்மா சொல்லவில்லை, பில் போடுகிறவர்களைத் தவிர யாரும் உட்காரும் வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாடிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அந்த ஸ்டூலின் கதை பின்னால் வருகிறது.

வாடிக்கையாளரிடம் வைரவன் குழைவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க நெறத்துக்கு இந்த பார்டர் எடுத்து வச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். அதையே அடுத்த அம்மாளிடமும் சொல்வார், அதற்கடுத்த அம்மாளிடமும் சொல்வார். நா கூசாது.

இதைவிட எரிச்சலான தந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. பட்டெடுக்க வருகிறவர்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்ப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். விளக்கில் மாந்துளிராகத் தெரிவது வெயிலில் செங்கல்லாக இருக்கும். பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நிறமும் போட்டு நெய்த சேலை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வாசலுக்குப் போகலாம் என்று தாமாகக் கேட்பவர்கள் பத்துப் பேரில் இரண்டு பேர்தான். மற்ற எட்டுப் பேரிடம் வைரவனே சந்தேகத்தைக் கிளப்பிவிடுவார். "எதுக்கும் ஒரு எட்டு வெளிச்சத்துல பாத்துருவோமாம்மா? கல்யாணச் சேலையாச்சே." உடனே அவர்கள் முகம் மாறும். வைரவன் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை இப்படி இறங்குவார். அங்கே சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் நிறம் பார்க்கும் நேரமெல்லாம் இவர் முகத்தைத் தூக்கி வெயிலில் காட்டிக்கொண்டு நிற்பாராம். திரும்பி வந்து செய்தி சொல்வார். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, காற்று திரும்பிவிட்டது, பனகல் பூங்கா மரத்தில் கிளிகள் அமர்க்களம் பண்ணுகின்றன. மழை பெய்கிறதா என்று எங்கள் மாடியே அவரிடம்தான் கேட்கும். இந்த ஆள் வெயில் பிச்சை எடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஊரே வெயிலைச் சபித்துக்கொண்டு நிழல் தேடி ஓடும்போது இவருக்கு மட்டும் என்ன என்று தோன்றும்.

காலை ஒன்பதுக்கு உள்ளே வந்தால் இரவு பத்துக்குத்தான் வெளியே போக முடியும் என்பதையும், அவர் தங்கியிருந்த விடுதிக்கும் கடைக்கும் இடையில் இருந்த சந்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள் என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

முதலாளியின் மகன் ராம்குமார் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கடையை எடுத்துக்கொண்டார். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த வீடு. தினமும் விடிந்ததும் மணலில் ஓடுவார். ஓடுவதோடு விட்டால் பரவாயில்லை. வியர்வையும் சூரியனுமாகப் படம் எடுத்து எங்கள் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இயற்கையே மருந்து' என்று கீழே எழுதுவார். நாங்கள் முந்நூறு பேரும் கும்பிடுகிற கை போட வேண்டும். நானும் போட்டேன். வங்காள விரிகுடாவை இவர் அப்பா வாங்கிக் கொடுத்ததைப் போல அந்த ஆள் அதன் முன்னால் நிற்பார்.

ஒருநாள் அடையாற்றிலிருந்து மாளவிகா என்றொரு அம்மாளை அழைத்து வந்தார். ஊழியர் நலம் பற்றிச் சொல்லித்தருவது அவர் தொழில். அடித்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"உள்ளேயே வேலை செய்றவங்க நேச்சரோட கனெக்டடா இருக்கணும்" என்றார் மாளவிகா. "காலையில முப்பது நிமிஷம் சன்லைட். ஈவினிங் பார்க்ல வெறுங்கால்ல ஒரு வாக். லஞ்ச் பிரேக்ல கொஞ்ச நேரம் வானத்தைப் பாருங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா மேடம், எந்த வானத்தப் பாக்குறது? இங்க ஜன்னலே கெடியாது."

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்போல என்னவோ குறித்தும் கொண்டார். மறுவாரம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு காட்டின் படம் ஒட்டப்பட்டது. பனி பெய்யும் ஊரின் காடு, ஊசியிலை மரங்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு ஒலிப்பெட்டி வைத்தார்கள். அதில் ஒரு பறவை நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தும், எப்போதும் அதே கத்தல். ஒவ்வொரு மாடியிலும் பசுமை இருக்க வேண்டும் என்று ஒரு மணி பிளாண்ட் தொட்டியும் வந்தது. வைக்க இடம் தேடினார்கள். ஸ்டூலின் மேல் வைத்தார்கள்.

கடைசியாகப் பகல் அறை வந்தது. எங்கள் மாடியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, உள்ளே நான்கு பக்கமும் விளக்கு. சூரிய வெளிச்சமும் இந்த வெளிச்சமும் ஒன்றுதான் என்று பல்பு உறையில் போட்டிருந்ததை ராம்குமார் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இனி எந்தச் சேலையும் வாசலுக்குப் போகக் கூடாது, எல்லாம் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கேமராவில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள், வைரவன் மட்டும் தினமும் ஒன்றரை மணி நேரம் வெளியே நிற்கிறார் என்று. அதனால் பகல் அறைக்குப் பொறுப்பாளராக அவரையே போட்டார்கள். சட்டையில் குத்த 'டேலைட் எக்ஸ்பர்ட்' என்று ஒரு பட்டை கொடுத்தார்கள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் போயிற்று. வைரவன் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டார். மழை வந்ததும் போனதும் வாடிக்கையாளரின் ஈரக் குடையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் நடையும் மாறியது. தரையில் விரித்த மெத்தையில் மண்டியிட்டுச் சேலை காட்டிவிட்டு எழும்போது கையை ஊன்றினார்.

"இன்னாண்ணே, காலு வலிக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எலும்பெல்லாம் குடையுதும்மா. டாக்டர்ட்ட போனேன். ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டு, ஒடம்புல வெயிலே படலங்குறாரு."

நான் சிரித்துவிட்டேன். "மெட்ராஸ்ல இருந்துக்கினு வெயில் பத்தலியா?"

"அவரும் சிரிச்சாரு. மாத்திரை குடுத்திருக்காரு. அதோட பகல்ல அரைமணி வெயில்ல நிக்கணுமாம். இல்லாட்டி அஞ்சு வருசத்துல கம்பு ஊணித்தான் நடக்கணும்னுட்டாரு."

"எப்போ நிப்பீங்க?"

அவர் பகல் அறை விளக்கைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அன்று மாலையே அவர் ராம்குமாரிடம் அரைமணி நேரம் கேட்டார். என் கவுண்டருக்கு முன்னால்தான் கேட்டார். "அந்த ரூம்லயே நில்லுங்க வைரவன், அதுவும் டேலைட்தானே" என்றார் ராம்குமார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கேவலம். அந்த மனிதர் அதை நம்பினார். வைரவன் "சரி சார்" என்றார். அந்த "சரி சார்" அதைவிடக் கேவலமாக இருந்தது.

ஆடி மாதம் மயிலாப்பூரிலிருந்து ஜெயலக்ஷ்மி என்றொரு மாமி வந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாமியையும் மகளையும் பகல் அறையில் உட்காரவைத்து வைரவன் ஒரு சேலையை விரித்தார். அன்று ராம்குமாரும் மாளவிகாவும் பகல் அறையைப் படம் பிடிக்க வந்திருந்தார்கள். சேலை ரோஜா நிறத்தில் ஜொலித்தது. மகளுக்குப் பிடித்துவிட்டது. மாமி மட்டும் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேக்கு என்னமோ இந்த லைட்ல நம்பிக்கை வரலை. வாசல்ல ஒரு தரம் பார்த்துண்டு வந்துடலாமே."

"ஆண்ட்டி, இது சயின்டிஃபிக். வெயிலும் இதுவும் சேம்" என்றார் ராம்குமார்.

"இந்த ரூம்லயா என் பொண்ணுக்குக் கல்யாணம்?"

ராம்குமார் வைரவனைப் பார்த்தார். "வைரவன் ட்வென்ட்டி டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். அவரே சொல்லட்டும். வைரவன், வெளிய பாத்தாலும் இதே கலர்தானே?"

இருபத்திரண்டு வருடமாகக் கூசாத நா. ஒரு "ஆமா" சொன்னால் போதும். மாளவிகாவின் போன் அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"இல்ல சார்" என்றார் வைரவன். "இதுல பச்ச ஊடை ஓடுது. இந்த லைட்டு அதக் காட்டல. வாங்கம்மா."

சேலையைத் தோளில் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். பில் போடாத சரக்கு மாடியை விட்டு இறங்கினால் பில் போடுகிறவள் கூடப் போக வேண்டும் என்று பகல் அறை வந்தபோது ஒரு புது விதியும் போட்டிருந்தார்கள். "போங்க, கூடப் போங்க" என்று ராம்குமார் என்னிடம் பல்லைக் கடித்தார்.

ஆடி வெயில். பதினோரு வருடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் அந்த வாசலில் நின்றதே இல்லை. கண் கூசித் தண்ணீர் வந்தது. தெருவில் அத்தனை பேரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு போனார்கள். வைரவன் சேலையை விரித்தார். ரோஜா போய்விட்டது. பச்சையும் சிவப்பும் கலந்து, ஆறிப்போன காப்பி நிறம். மகள் முகம் சுளித்தாள். மாமி, "நல்ல வேளை" என்றார். வைரவன் எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த இளக்காரம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

அன்று அவர் ஆறு தடவை இறங்கி ஏறினார். மாமி வெயிலில் பார்த்து ஐந்து சேலை எடுத்தார். அதனால் ராம்குமாரால் வைரவனை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. அதற்குப் பதிலாக அவர் யோசித்தார். அவர் யோசித்தாலே எங்களுக்குக் கேடு.

அடுத்த மாதம் வாசலில் ஒரு கேமரா வந்தது. மூன்றாம் மாடியில் சுவரை அடைத்து ஒரு பெரிய டி.வி. வந்தது. இனி நிறம் பார்க்க வேண்டிய சேலை சரக்கு லிஃப்டில் தனியாகக் கீழே போகும். அங்கே ஒரு ஹெல்ப்பர் அதை வெயிலில் விரிப்பார். மேலே ஏ.சி.யில் உட்கார்ந்தபடி வாடிக்கையாளர் டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம். சேலைக்கு வெயில் உண்டு, ஆளுக்குக் கிடையாது. டி.வி.யில் தெரிவது டி.வி.யின் நிறம் என்பதைச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. வந்தவர்களும் "ஆமா, இப்பத்தான் கரெக்டா தெரியுது" என்று தலையாட்டினார்கள். திரை அவ்வளவு பெரிது.

கீழே விரிக்க ஆள் தேடியபோது வைரவன் தன் பட்டையைக் கழற்றி ராம்குமார் மேஜையில் வைத்தார்.

"நான் போறேன் சார்."

"அது ஹெல்ப்பர் வேலை வைரவன். கமிஷன் கிடையாது. நீலச் சட்டை போடணும்."

"தெரியும் சார்."

மாடியே சிரித்தது. மூத்த விற்பனையாளர் வாசல் ஹெல்ப்பராகிவிட்டார் என்று சாப்பாட்டுக் கூடத்தில், அந்த ஊசியிலைக் காட்டின் கீழே உட்கார்ந்து, வாய் வலிக்கப் பேசினார்கள். மாளவிகா நீலச் சட்டையில் வைரவனைப் படம் எடுத்து, இயற்கையோடு இணைந்த ஊழியர் என்று குழுவில் போட்டார். முந்நூறு கும்பிடும் கை விழுந்தது.

வைரவன் இப்போது கறுத்துவிட்டார். கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறுகிறாராம். நான் அவரைப் பார்ப்பது திரையில்தான். சேலை விரியும், இரண்டு கை தெரியும், பிறகு சேலைக்கு மேலே அந்த முகம் நிமிரும். நான் சேலையைப் பார்ப்பதில்லை. திரை கொஞ்ச நேரம் அணைந்திருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பில்லை நிறுத்திவிட்டு, "வெளிச்சத்துல பாத்தீங்களா மேடம்? எதுக்கும் ஒருதரம் பாத்துக்கோங்க" என்பேன். அவர்கள் முகம் மாறும். சேலை இறங்கும். திரை எரியும்.

போன வாரம் கவுண்டர் போன் அடித்தது. கீழேயிருந்து வைரவன்.

"சந்திரிகாம்மா, இந்த மாம்பழ மஞ்சள மூணு தடவ அனுப்பிட்ட. இதுல பாக்க என்ன இருக்கு? அடுத்த தடவ நீயே எடுத்துட்டு வா."

"கவுண்டர்ல ஆள் இல்லண்ணே."

"ஆள் இல்ல, ஆள் இல்லன்னுதாம்மா நானும் கெடந்தேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்டில் சேலை திரும்பி வந்தது. எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. லிஃப்ட் பக்கம் அந்தப் பறவை கத்தியது.

ராம்குமார் அந்தப் பக்கமாக வந்தார். நான் எழுந்து சேலையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சார், டி.வி.ல கலர் சரியா தெர்லியாம். நான் நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

அவர் திரையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வெயிலில் மஞ்சள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தால்தானே மறுப்பதற்கு. நான் படியில் இறங்கினேன்.